சிலுவைக்கு நன்றி சொல்கிறோம், அப்புறம் ஏன் மனந்திரும்பணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பும்போது ஒருவர் மட்டும் நாற்காலிகளை ஒழுங்குபடுத்துவதுபோல் தயங்கி நிற்பார். "ஒரு சந்தேகம், தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார். பல வருடங்களாக அப்படி என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. இயேசு என் பாவத்துக்காக மரித்தார் என்றால், என்னிடம் இன்னும் எதைக் கேட்கிறார்? கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். வசனங்களை நம் பழைய வேதாகமத் தமிழிலேயே கொடுத்திருக்கிறேன்.

பாவநிவிர்த்தி, பாவநிவிர்த்தின்னு பிரசங்கத்துல கேட்கிறேன். யாராவது விளக்கச் சொன்னா எனக்கு வாய் வரமாட்டேங்குது. அப்படின்னா என்ன?

நிவிர்த்தி என்றால் நீக்கம். பாவம் தேவனுக்கும் மனுஷனுக்கும் நடுவில் ஒரு பிரிவை உண்டாக்கியது. அதை நீக்கி இருவரையும் மறுபடி சேர்த்துவைப்பதுதான் பாவநிவிர்த்தி. எபிரெயத்தில் இதற்குரிய வினைச்சொல் 'காஃபர்'. மூடுவது, துடைப்பது, ஈடுகட்டுவது என்று அந்தச் சொல்லுக்குப் பல சாயல்கள் உண்டு.

ஆனால் சொல்லைவிடப் படம் சீக்கிரம் புரியும். லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வருடத்துக்கு ஒரு நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி, ஜனங்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களைக் கொண்டுவருவார்கள். ஒன்று பலியாகும், பிரதான ஆசாரியன் அதன் இரத்தத்தை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோய், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தின்மேல் தெளிப்பான். மற்றதைக் கொல்வதில்லை. ஆசாரியன் தன் இரண்டு கைகளையும் அதன் தலையில் வைத்து, ஜனங்களுடைய அக்கிரமங்கள் எல்லாவற்றையும் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். நம் வேதாகமம் அதை 'போக்காடு' என்று சொல்கிறது. தன் பாவம் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய் மறைவதை ஒரு சாதாரண மனுஷன் நின்று பார்க்க முடிந்தது. எனக்கு இந்த இரண்டாவது ஆடு ரொம்பப் பிடிக்கும்.

இந்த இரண்டு ஆடுகளின் வேலையையும் இயேசு ஒருவரே செய்து முடித்தார் என்பது நம் விசுவாசம். பிரதான ஆசாரியன் ஒவ்வொரு வருடமும் திரும்பத் திரும்ப உள்ளே போனான். கிறிஸ்துவோ ஒரேதரம் பிரவேசித்தார் என்கிறது எபிரெயர் 9. யோவான் ஸ்நானகன் அவரைக் காட்டிச் சொன்ன வாக்கியத்திலும் இரண்டும் இருக்கின்றன: "உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவஆட்டுக்குட்டி."

மனந்திரும்புறதுன்னா அழுது மன்னிப்பு கேட்கிறதுதானே?

அழுகை கூட வரலாம், வராமலும் போகலாம். சொல்லையே கவனியுங்கள். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் பயன்படுத்திய 'ஷூவ்' என்ற எபிரெயச் சொல்லுக்குத் திரும்பு, திரும்பி வா என்று அர்த்தம். தவறான பாதையில் போகிறவனைக் கூப்பிடும் சொல் அது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'மெட்டனோயா' மனம் மாறுவதைச் சொல்கிறது. தமிழில் மனம், திரும்புதல் இரண்டும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துவிட்டன. மனந்திரும்புதல். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அதனால் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு அழுதேன்?" என்பதல்ல. "எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன்?" என்பதே.

தேவன் அன்பானவர்தானே? 'சரி போ, மன்னிச்சுட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சிலுவை எதுக்கு?

நியாயமான கேள்வி. மத்தேயு 18-இல் இயேசு சொன்ன கதையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி. அப்படியானால் அவன் கடன் 6 கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் உழைத்தாலும் 1,60,000 வருடங்களுக்கு மேல் ஆகும். ராஜா அதைத் தள்ளுபடி செய்தபோது அந்தத் தொகை காற்றில் கரைந்துவிடவில்லை. ராஜாவின் கஜானாவிலிருந்து போனது. எந்த மன்னிப்பிலும் யாரோ ஒருவர் நஷ்டத்தை ஏற்கத்தான் செய்கிறார். உங்களுக்குப் பெரிய துரோகம் செய்தவரை நீங்கள் மன்னித்ததுண்டா? அது சும்மா நடந்ததா? அந்த வலியைத் திருப்பிக் கொடுக்காமல் நீங்களே விழுங்கினீர்கள் அல்லவா?

சிலுவை அந்த நஷ்டத்தைத் தேவன் தம்மேலேயே ஏற்றுக்கொண்ட இடம். இதைச் சபை பல விதமாக விளக்கியிருக்கிறது. ஆதிச் சபையார் பலர், பாவத்துக்கும் மரணத்துக்கும் அடிமைப்பட்டவர்களை மீட்கும் வெற்றியாகப் பார்த்தார்கள். 1098-இல் ஒரு நூலை எழுதி முடித்த கான்டர்பரியின் பேராயர் அன்செல்ம், தேவனுக்குச் செலுத்த வேண்டியிருந்து செலுத்தாமல்போன கனத்தை ஈடுகட்டியதாக விளக்கினார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் நம்முடைய தண்டனையை அவர் ஏற்றதை அழுத்திச் சொன்னார்கள். இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வேதத்திலேயே மீட்கும்பொருள், பலி, வெற்றி, ஒப்புரவு என்று எல்லாப் படங்களும் இருக்கின்றன.

ஒருத்தர் செஞ்ச தப்புக்கு இன்னொருத்தரைத் தண்டிக்கிறது அநியாயம் இல்லையா? எந்த நீதிபதியாவது அப்படிச் செய்வாரா?

மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்து இழுத்து வந்து தண்டித்திருந்தால் அநியாயம்தான். "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்" என்று எசேக்கியேல் 18 சொல்கிறது. வேதத்துக்கு அந்த அநியாயம் தெரியாததல்ல. ஆனால் சிலுவையில் இருந்தவர் மூன்றாவது ஆள் இல்லை. "தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கி"னார் என்று பவுல் எழுதுகிறார். குற்றம் யாருக்கு விரோதமாகச் செய்யப்பட்டதோ அவரே அதைச் சுமந்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவுமில்லை. தம் ஜீவனைப் பற்றி, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்றார்.

கோபக்காரத் தகப்பன், அடி வாங்கும் அப்பாவி மகன் என்று சில பிரசங்கங்களில் படம் போடுகிறார்கள். அது தவறு என்றே சொல்வேன். பிதாவின் அன்பை வாங்கித்தருவதற்காக இயேசு மரிக்கவில்லை. பிதா அன்புகூர்ந்ததால்தான் குமாரனைக் கொடுத்தார். யோவான் 3:16-ஐ மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே நாம் அதை மறந்துவிடுகிறோம்.

இயேசு 'முடிந்தது'ன்னு சொல்லிட்டாரே. எல்லாம் முடிஞ்சுதுன்னா நான் எதுக்கு இன்னும் மனந்திரும்பணும்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

பலர் மனந்திரும்புதலை ஒரு கட்டணம்போல் நினைக்கிறார்கள். போதுமான அளவு வருத்தப்பட்டுச் செலுத்தினால் மன்னிப்பு என்ற ரசீது வரும் என்ற எண்ணம். அப்படியானால் சிலுவை பாதித் தொகை, என் கண்ணீர் மீதித் தொகை என்றாகிவிடும். பாவநிவிர்த்தி முழுமையானது. அதில் நாம் சேர்க்க எதுவும் இல்லை.

1563-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஒரு வினாவிடைப் போதனை நூல் வெளிவந்தது. 129 கேள்விகள். மூன்றே பகுதிகள்: மனுஷனுடைய பரிதாப நிலை, அவனுடைய மீட்பு, அவனுடைய நன்றி. இதில் மனந்திரும்புதலைப் பற்றிய கேள்வி எங்கே இருக்கும்? முதல் பகுதியில், பாவத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். தேடிப் பார்த்தால் அது 88-ஆம் கேள்வி. மூன்றாம் பகுதியில், நன்றி என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அதைக் கண்ட அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவரை பயத்தோடு செய்துகொண்டிருந்த ஒன்றை நன்றியோடு செய்யலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒருவர் உங்களைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் கரைசேர்த்துவிட்டார். மறுபடி அதே இடத்தில் போய்க் குதிக்காமல் இருப்பது நீங்கள் அவருக்குக் கொடுக்கும் கூலியா? உயிர் திரும்பக் கிடைத்தவன் கரையைப் பார்த்து நடக்கிறான், அவ்வளவுதான். ரோமர் 2:4-இல் பவுல் கேட்பதும் இதையே: தேவதயவு நீ குணப்படும்படி உன்னை ஏவுகிறதென்று தெரியாதா?

அப்போ முதல்ல மன்னிப்பா, முதல்ல மனந்திரும்புதலா? வேதத்துல 'மனந்திரும்புங்கள், அப்பொழுது'ன்னுதானே வருது?

வருகிறது. மனந்திரும்பாமல் மன்னிப்பை அனுபவிக்க முடியாது என்பதும் உண்மை. வீட்டுக்குத் திரும்பாத மகன் வீட்டு விருந்தைச் சாப்பிட முடியாதே. ஆனால் லூக்கா 15-ஐ மெதுவாகப் படியுங்கள். தகப்பனிடம் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கும் இளைய மகன், வீட்டுக்குப் புறப்படும் முன்பே ஒரு பேச்சைத் தயார் செய்கிறான், அதன் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." தகப்பனோ அவன் தூரத்தில் வரும்போதே கண்டு, மனதுருகி, ஓடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம்செய்கிறார். மகன் பேச ஆரம்பிப்பது அதற்குப் பிறகு. அந்தக் கடைசி வரியை அவன் சொல்லவே இல்லை. கட்டிப்பிடித்திருக்கும் தகப்பனிடம் கூலி வேலை எப்படிக் கேட்பது?

அதனால் வரிசை இப்படி: அவருடைய அன்பு முதலில் இருக்கிறது, அது நம்மைத் திரும்ப வைக்கிறது, திரும்பினவன் அங்கே காத்திருக்கும் மன்னிப்பைக் கண்டுகொள்கிறான். மனந்திரும்புதலையே தேவன் அருளிச்செய்கிறார் என்று அப்போஸ்தலர் 11:18 சொல்வதையும் சேர்த்துப் படிக்கலாம்.

நான் கொலை பண்ணலை, களவு பண்ணலை. சின்ன வயசுல இருந்து சபைக்குப் போறேன். எதுக்கு மனந்திரும்பணும்னே எனக்குத் தெரியலை.

அதே கதையின் மூத்த மகன் நீங்கள். நானும் அவன்தான். அவன் வயலை விட்டு எங்கும் போகவில்லை. ஆனால் கதை முடியும்போது வீட்டுக்கு வெளியே நிற்பவன் அவன் ஒருவனே. "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று அவன் கணக்குக் காட்டுகிறான். ஊழியம் இருக்கிறது, சந்தோஷம் இல்லை. தம்பியைத் தம்பி என்று சொல்லாமல் "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான்.

பாவங்களின் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, வேறு சிலதைக் கவனியுங்கள். யாருடைய வளர்ச்சி உங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது? வீட்டில் யார் உங்கள் குரலைக் கேட்டுச் சுருங்குகிறார்கள்? செய்யத் தெரிந்தும் செய்யாமல் விட்ட நன்மை எது? இதற்குப் பிறகும் எதுவும் தோன்றவில்லை என்றால், உங்களோடு வாழ்கிறவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆராதனையில எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை வாசிக்கிறோமே. தனியா வேற செய்யணுமா?

சேர்ந்து சொல்வது நல்லது. நாம் ஒரே உடம்பு என்பதை அது ஞாபகப்படுத்துகிறது. ஆபத்து என்னவென்றால், 'நாங்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'நான்' சுலபமாக ஒளிந்துகொள்ளும். தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஒரு கதை சொன்னார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதை. தாவீதுக்குக் கோபம் வந்தது. பொதுவாக அநியாயத்தைக் கண்டிப்பது அவருக்குக் கஷ்டமாக இல்லை. "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் விரலை நீட்டியபோதுதான் தான் அபகரித்த பத்சேபாளும், கொல்லவைத்த அவள் கணவன் உரியாவும் கண்முன் வந்து நின்றார்கள். அப்போது தாவீது பாடியதாகச் சொல்லப்படும் 51-ஆம் சங்கீதம் முழுக்க 'என்', 'எனக்கு', 'என்னை' என்றே போவதைக் கவனித்திருப்பீர்கள்.

பொது அறிக்கை வாசிக்கும்போது மனதுக்குள் ஒரே ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பெயர் சொல்லி வையுங்கள். அதுவே போதுமான ஆரம்பம்.

பாதிரியார்கிட்ட சொல்லணுமா, கர்த்தர்கிட்ட மட்டும் சொன்னா போதுமா?

சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. ஆர்த்தடாக்ஸ் சபைகளிலும் குருவின் முன்னிலையில் அறிக்கை உண்டு. புராட்டஸ்டண்ட் சபைகள் பெரும்பாலும் அதைக் கட்டாயமாக்குவதில்லை. நீங்கள் எந்தச் சபையோ அதன் ஒழுங்கைப் பின்பற்றுங்கள். எந்தச் சபையானாலும், "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்ற யாக்கோபு 5:16 நமக்கும்தான். வருடக்கணக்காக ஒளித்துவைத்த பாவத்தை நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்ன அன்றே அதன் பிடி தளர்ந்ததைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

எனக்கு விபத்து நடந்தப்போ, 'ஏதோ பாவம் இருக்கு, மனந்திரும்பு'ன்னு சபையில சிலர் சொன்னாங்க. அப்படியா?

இல்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இயேசுவே அந்த எண்ணத்தை மறுத்தார். "நீங்கள் மனந்திரும்பாமற்போனால்" என்ற எச்சரிக்கையை அவர் செத்தவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. உயிரோடு நின்று வம்பு பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்.

சிலுவையை நினைச்சா எல்லாரும் உருகுறாங்க. எனக்கு ஒண்ணுமே தோணலை. அழுகையும் வரலை, நன்றியும் வரலை. என் இருதயம் கல்லா?

கல்லாக இருந்தால் இந்தக் கேள்வி உங்களை வாட்டியிருக்காது. சிலருக்குச் சுபாவமே அப்படி. தாய் இறந்தாலும் சட்டென்று அழ வராது. சிலர் களைத்துப் போயிருக்கிறார்கள். சிலருக்கு ரொம்பப் பழகிப்போனதால் வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு போகின்றன.

லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள். ஒருவன் மட்டும் இயேசுவிடம் வந்தான், அவன் சமாரியன். அவன் உணர்ச்சிவசப்பட்டான் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவன் 'திரும்பிவந்தான்' என்ற சொல். அப்போது அவன் ஆசாரியரிடம் போகும் வழியில் இருந்தான்; நின்று, திரும்பி, வந்த வழியே நடந்தான். மனந்திரும்புதலைப் பற்றி இரண்டாவது கேள்வியில் பார்த்தோமே, நன்றியும் அதேபோல ஒரு திரும்புதல்தான். கால் திரும்பினால் போதும், நெஞ்சு மெதுவாகப் பின்னால் வரும். குறிப்பிட்டு நன்றி சொல்லிப் பழகுங்கள். "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்பதற்குப் பதில், "அந்த ஒரு பொய்யை நீர் என்மேல் சாட்டவில்லை, அதற்கு நன்றி" என்று சொல்லிப் பாருங்கள்.

யூதாசும்தான் வருத்தப்பட்டான். அவனுக்கு ஏன் மன்னிப்பு இல்லை?

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் முடிவான நிலையைத் தீர்மானிப்பது என் வேலை இல்லை. ஆனால் மத்தேயு 27 சொல்வது நம்மை நடுங்க வைக்க வேண்டும். அவன் மனஸ்தாபப்பட்டான். "பாவஞ்செய்தேன்" என்று வாயால் அறிக்கையிட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவந்தான். மனந்திரும்புதலுக்கு வேண்டியவை என்று நாம் சொல்லும் எல்லாம் அதில் இருக்கின்றன, ஒன்றைத் தவிர. அவன் போனது ஆசாரியர்களிடம். அவர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." அந்தப் பதிலோடு அவன் தனியாக வெளியே போனான்.

பேதுருவும் அதே இரவில் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தான், மனங்கசந்து அழுதான். ஆனால் பிறகு கடற்கரையில் இயேசு நிற்கிறார் என்று கேட்டதும் படகு கரைசேரும்வரை பொறுக்காமல் தண்ணீரில் குதித்தான். அவன் மறுதலித்த இடத்தில் ஒரு கரிநெருப்பு இருந்தது. இயேசு அவனுக்காகக் காத்திருந்த கரையிலும் ஒரு கரிநெருப்பு இருந்தது. மூன்றுமுறை மறுதலித்தவனிடம் மூன்றுமுறை கேட்டார். தேவனுக்கேற்ற துக்கத்துக்கும் லௌகிக துக்கத்துக்கும் பவுல் 2 கொரிந்தியர் 7-இல் காட்டும் வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்று கிறிஸ்துவிடம் ஓடவைக்கும், மற்றது அவரை விட்டு ஓடவைக்கும்.

அதே பாவத்துக்கு எத்தனை தடவைதான் மன்னிப்பு கேட்கிறது? எனக்கே வெட்கமா இருக்கு.

ஏழுதரம் தவறு செய்து ஏழுதரம் திரும்பி வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்கிற சகோதரனை மன்னிக்கும்படி நமக்குச் சொன்னவர், தாம் அதைவிடக் குறைவாக மன்னிப்பாரா? சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூத்தர் 1517-இல் வெளியிட்ட 95 கருத்துகளில் முதலாவது, விசுவாசிகளின் முழு வாழ்க்கையுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். ஒருமுறை செய்து முடிக்கும் சடங்கு அல்ல அது.

ஆனால் திரும்பி வருவதோடு கொஞ்சம் புத்தியும் வேண்டும். எந்த நேரத்தில் விழுகிறீர்கள்? தனிமையிலா, களைப்பிலா, கையில் எது இருக்கும்போது? வாசலைத் திறந்தே வைத்துவிட்டுத் திருடனைப் பற்றி ஜெபித்தால் எப்படி? குடி, போதை, சூதாட்டம் போன்றவற்றில் மாட்டியிருந்தால் ஜெபத்தோடு சிகிச்சையும் தேவை. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கிருபைதான் இருக்கே. இப்போ இஷ்டப்படி இருந்துட்டு கடைசியில மனந்திரும்பிக்கலாமே. சிலுவையில அந்தக் கள்ளன் அப்படித்தானே?

அந்தக் கள்ளன் எதையும் தள்ளிப்போடவில்லை. இயேசுவின் பக்கத்தில் நேருக்கு நேர் கிடைத்த அந்தச் சில மணி நேரத்துக்குள்ளேயே திரும்பிவிட்டான். "நாம் நடப்பித்தவைகளுக்குத்தக்க பலனை அடைகிறோம்" என்று ஒத்துக்கொண்டான், சிலுவையிலிருந்து இறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இன்னொரு கள்ளனும் அதே தூரத்தில்தான் இருந்தான், அவன் திரும்பவில்லை.

"கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று பவுல் எழுதியிருக்கிறார். எனக்கு அதோடு இன்னொரு வருத்தமும் உண்டு. இப்படிக் கேட்பவர் மனந்திரும்புதலைத் தண்டனையாகவும் பாவத்தைச் சந்தோஷமாகவும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பன்றிகளோடு இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று இளைய மகன் சொன்னானா?

பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தை நான் செஞ்சுட்டேனோன்னு பயமா இருக்கு. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.

முதலில் மூச்சு விடுங்கள். மாற்கு 3-இல் இயேசு அதை எப்போது சொன்னார் என்று பாருங்கள். அவர் பிசாசுகளைத் துரத்துவதைக் கண்ணால் கண்ட வேதபாரகர்கள், அது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்றார்கள். வெளிச்சத்தைத் தெரிந்தே இருட்டு என்று சொல்லும் பிடிவாதம் அது. "அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான் என்று அவர்கள் சொன்னபடியினாலே" என்று மாற்கு காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பிடிவாதத்தில் இருப்பவனுக்கு உங்களுக்கு வரும் பயம் வராது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். தேவதூஷணமான எண்ணங்கள் விரும்பாமலே திரும்பத் திரும்ப வந்து, அதைச் சரிசெய்ய நூறுமுறை மன்னிப்புக் கேட்டும் நிம்மதி வரவில்லை என்றால், அது பல நேரங்களில் மனநல மருத்துவர் குணப்படுத்த உதவக்கூடிய ஒரு நோய். அதைப் பாவம் என்று நினைத்துத் தனியே போராடாதீர்கள்.

தேவனே மன்னிச்சுட்டார்னா, நான் ஏமாத்தினவங்ககிட்ட போய்ச் சொல்லணுமா? பணத்தைத் திருப்பித் தரணுமா?

தர வேண்டும். பிறனுடைய பொருளை வஞ்சித்து எடுத்தவன் முதலைத் திரும்பக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியும் கொடுக்க வேண்டும், குற்றநிவாரண பலியையும் கொண்டுவர வேண்டும் என்கிறது லேவியராகமம் 6. வரி வசூலித்த ஆயக்காரனான சகேயு அதையும் தாண்டி, பாதி ஆஸ்தியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கினதை "நாலத்தனையாக"வும் என்றான். யாரும் அவனிடம் கணக்குக் கேட்கவில்லை. இயேசு அவன் வீட்டில் தங்கப் போகிறார் என்ற சந்தோஷத்தில் கைகள் தானாகத் திறந்தன. நன்றி என்ற தலைப்பின் கீழ் மனந்திரும்புதல் இருக்கிறது என்று முன்னே சொன்னதற்கு இவனைவிட நல்ல உதாரணம் இல்லை.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் உடன் வேலை பார்த்தவர் தயாரித்த அறிக்கையை என்னுடையதுபோல் காட்டிப் பாராட்டு வாங்கினேன். வேலையே செய்யவில்லை என்று அவரைக் கண்டித்தார்கள். பல வருடங்கள் தேவனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தேயு 5:23-ஐ வகுப்பில் நானே நடத்த வேண்டி வந்தது: காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் போ. பாடத்தை நடத்த முடியவில்லை. அன்று மாலை அவருக்குப் போன் செய்தேன். சொல்லி முடித்ததும் வெகுநேரம் அமைதி. அப்புறம், "நான் மறந்திருப்பேன்னு நினைச்சீங்களா?" என்றார். மன்னித்தேன் என்று அன்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. பிறகு அப்போதைய மேலதிகாரிக்கு நடந்ததை எழுதி, அதன் நகலை அவருக்கும் அனுப்பினேன்.

என்னை அடிச்சவர் 'மனந்திரும்பிட்டேன், கர்த்தர் மன்னிச்சுட்டார், நீயும் மறந்துடு'ங்கிறார். நான் திரும்பப் போகணுமா?

அவசரப்பட வேண்டாம். மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு. பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் ஒப்படைத்துவிடுவது மன்னிப்பு. அதை நீங்கள் ஜெபத்தில், உங்கள் வேகத்தில் செய்யலாம். நம்பிக்கை என்பது அவர் பல மாதங்கள், வருடங்கள் வாழ்ந்து காட்டிச் சம்பாதிக்க வேண்டியது. "மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள்" என்று யோவான் ஸ்நானகன் கேட்டாரே, கனி ஒரு வாரத்தில் பழுக்காது. உண்மையாக மனந்திரும்பியவர் அவசரப்படுத்த மாட்டார், வசனத்தைக் காட்டி மிரட்ட மாட்டார், சட்டப்படி வரும் விளைவை ஏற்றுக்கொள்வார். தாவீதுக்கு மன்னிப்புக் கிடைத்தது, விளைவுகள் நீங்கவில்லை.

உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ ஆபத்து இருந்தால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், காவல்துறையிடம் சொல்லுங்கள். குடும்ப மானம், சபை மானம் என்று சொல்லி அடக்கப் பார்ப்பவர்கள் மேய்ப்பர்களாக இருந்தாலும் தவறுதான் செய்கிறார்கள்.

தேவன் மன்னிச்சுட்டார்னு நம்புறேன். என்னையே என்னால மன்னிக்க முடியலை.

உங்களை நீங்களே மன்னியுங்கள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அந்த நீதிபதி நாற்காலி உங்களுடையதும் அல்ல. முதல் கேள்வியில் வந்த போக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்துக்கு அனுப்பிய ஆட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டுவர யாரும் போகவில்லை. ஞாபகம் வரும்போதெல்லாம் "நான் எப்படிப்பட்டவன்!" என்று ஆரம்பிப்பதை விட்டு, "நீர் எதைச் சுமந்தீர்!" என்று ஆரம்பித்துப் பாருங்கள். ஞாபகம் போகாது. அது குத்துவதற்குப் பதில் ஸ்தோத்திரமாக மாற வருடங்கள் எடுக்கலாம், ஆனால் மாறும்.

நான் மன்னிப்பு கேட்க வேண்டியவர் இறந்துட்டார். இனிமே என்ன செய்ய?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான்.

எண்ணாகமம் 5-இல் இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட்டு, ஐந்தில் ஒரு பங்கோடு திரும்பக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ளச் சம்பந்தப்பட்டவரும் இல்லை, உறவினரும் இல்லை என்றால், அது கர்த்தருக்குச் செலுத்தப்பட்டு ஆசாரியனைச் சேரும். திருப்பிக் கொடுக்க ஆளே இல்லாத குற்றவாளி ஒருவன் கையில் பணத்தோடு வந்து நிற்பான் என்பது தேவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவனுக்கும் ஒரு இடம் வைத்திருந்தார்.

அதனால் முதலில், அவருடைய பிள்ளைகளோ உறவினரோ இருந்தால், கொடுக்க வேண்டியதை அவர்களுக்குக் கொடுங்கள். யாரும் இல்லையென்றால் அந்தத் தொகையை அவர் மனம் வைத்திருந்த காரியத்துக்கு, சத்தமில்லாமல் கொடுங்கள். கடன் பணமாக இல்லாமல் பேசாமல்போன வார்த்தையாக இருந்தால், அதைக் கடிதமாக எழுதி, தேவனுக்கு முன்பாக உரக்க வாசியுங்கள். ஒரு பெண் அப்படி எழுதி என் முன்னால் வாசித்தார். அம்மாவைக் கடைசி மூன்று மாதம் போய்ப் பார்க்காததைப் பற்றி நான்கு பக்கம். வாசித்து முடித்துவிட்டு, அம்மாவின் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியைப் பார்க்க அப்படியே கிளம்பிப் போனார்.